பழி சொன்ன பாட்டுக்கு ஓர் எதிர்ப்பாட்டு



எங்கள் கரையோரத்து ஊர்களில் கவி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான்கு அடி, பழகிய மெட்டு, அவ்வளவுதான். வயற்காவல் பரணில் இருந்து ஆண் ஒரு கவியை எடுத்துவிட்டால் பெண் அதற்கு மறுகவி சொல்லுவாள். ஆசை காட்டினால் சோதித்துப் பார்ப்பாள். ஏமாற்றினால் ஏசுவாள். பெருமையடித்தால் ஒரே சொல்லில் ஆளைக் கீழே இறக்கிவிடுவாள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்து நூலாக்கிய கவிகளைப் புரட்டிப் பாருங்கள். பெண்ணின் பக்கம் ஆணின் பக்கத்துக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல என்பது விளங்கும்.

கவியில் இருந்த இந்த மறுமொழி வாழ்க்கையிலும் நமக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

1990 ஆம் ஆண்டையும் அதன் பின் வந்த ஆண்டுகளையும் நினைத்துப் பாருங்கள். வயலுக்குப் போனவர் வரவில்லை. கடலுக்குப் போனவர் வரவில்லை. பஸ்ஸில் போனவர் எங்கே இறக்கப்பட்டார் என்பது இன்றுவரை தெரியவில்லை. வீட்டில் இருந்த பெண், பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காக வெளியே இறங்கினாள். இடியப்பம் அவித்து விற்றாள், தையல் தைத்தாள், சவூதிக்குப் போனாள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அவள் இறங்கிய அன்றே ஊரில் கதையும் இறங்கியது. "மாப்பிள்ளை மௌத்தாகி எத்தனை நாள்? அதுக்குள்ள பாருங்க, வெளிக்கிட்டுத் திரியிறா" என்று சொன்னவர்களில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். அந்தக் கதைக்கு மறுகதை சொல்ல எத்தனை பேருக்கு வாய் வந்தது? நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தையல் மெஷினை மிதித்ததைத்தான் நான் பார்த்தேன்.

இந்த மாதம் நான் எழுத வந்திருப்பது ஒரு பாட்டைப் பற்றி. அது நமது மொழிப் பாட்டல்ல, நமது நாட்டுப் பாட்டுமல்ல. 1952 இல் அமெரிக்காவில் ஒரு பெண் பாடிய இசைத்தட்டு. பெண் மீது பழி போட்டு ஓர் ஆண் பாடிய பாட்டுக்கு அதே மெட்டில் அவள் கொடுத்த மறுகவி.

அந்த நாட்டின் தெற்கு மாநிலங்களில் மலைப்பகுதிகளிலும் பண்ணைகளிலும் வாழ்ந்த ஏழைச் சனங்களிடமிருந்து வந்த இசைக்குக் கன்ட்றி இசை என்று பெயர். கிட்டாரும் வயலினும் முக்கியம். பாட்டுகளில் வயல், வீடு, வறுமை, பிரிவு, குடி, இறைபக்தி எல்லாம் வரும். ஒருவகையில் அவர்களுடைய நாட்டார் பாடல்தான், இசைத்தட்டிலும் ரேடியோவிலும் ஏறி வியாபாரமாகிவிட்டது. இந்த இசை நமது நாட்டுக்கும் புதிதல்ல. கொழும்பிலும் வேறு பட்டணங்களிலும் ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகருக்கு இருந்த மதிப்பு மூத்தவர்களுக்குத் தெரியும். கொழும்பில் வேலை செய்த என் வாப்பாவும் அவருடைய பாட்டு வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார் என்று உம்மா சொல்லுவார். அந்த ஜிம் ரீவ்ஸைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் கிட்டி வெல்ஸ் என்ற பெண்ணின் கதை எனக்குக் கிடைத்தது.

அவருடைய சொந்தப் பெயர் எல்லன் மியூரியல் டீசன். 1919 ஓகஸ்ட் 30 இல் டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டம் காரணமாக 1934 இல் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு சேட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? தைத்து முடித்த சேட்டுகளுக்கு அயன் போடுவது. கிழமைக்கு 9 டொலர் சம்பளம். இதை வாசித்தபோது, விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமது பிள்ளைகள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்கள்.

1937 இல் ஜொனி ரைட் என்ற பாடகரைத் திருமணம் முடித்தார். அப்போது அவருக்கு 18 வயது. கணவர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாடுவார். மனைவியும் கூடவே போய் இடையில் ஒன்றிரண்டு பாட்டுப் பாடுவார். ஒரு பழைய நாட்டார் பாட்டில் வரும் பெண்ணின் பெயரான கிட்டி வெல்ஸ் என்பதைக் கணவர்தான் அவருக்கு மேடைப் பெயராக வைத்தார். ஒரு பெரிய இசைத்தட்டுக் கொம்பனி அவருடைய சில பாட்டுகளை வெளியிட்டுப் பார்த்தது. விற்பனை இல்லை, கைவிட்டது. மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். 1952 இல் அவருக்கு வயது 32. இனி வீட்டோடு இருப்போம் என்ற யோசனையில் இருந்தார்.

அந்தக் காலத்து இசைத்தட்டுக்காரர்களிடம் ஒரு முடிந்த முடிவு இருந்தது. பெண் தனியாகப் பாடினால் விற்காது என்பதே அது. பெண் பாடலாம், ஆனால் குடும்பக் குழுவில் ஒருத்தியாக, கணவருக்குப் பக்கத்தில், இடைவேளைக்கு. இதற்கு மாறான சான்றுகள் இல்லாமல் இல்லை. பற்சி மொன்டானா என்ற பெண் 1935 இல் தனியாகப் பாடிய இசைத்தட்டு நன்றாக விற்றிருந்தது. ஆனாலும் முடிவை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

1952 இன் நடுப்பகுதியில் அந்த நாடு முழுவதும் ஹாங்க் தொம்சன் என்ற பாடகரின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 'த வைல்ட் சைட் ஒவ் லைஃப்' என்பது அதன் பெயர். 'வாழ்க்கையின் கட்டற்ற பக்கம்' என்று சொல்லலாம். மனைவி தன்னை விட்டுவிட்டுத் தவறணைகளில் ஆட்டம் பாட்டம் என்று போய்விட்டாள் என்று ஒரு கணவன் புலம்பும் பாட்டு அது. அப்படிப்பட்ட பெண்களையும் இறைவன் படைத்திருக்கிறான் என்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று குத்தலாக ஒரு இடத்தில் சொல்லுவான். அந்தப் பாட்டு 15 கிழமைகள் முதலாம் இடத்தில் நின்றது.

முதலாம் இடம் என்றால் என்ன? அங்கே 'பில்போர்ட்' என்றொரு வாரச் சஞ்சிகை வெளிவந்தது. 1944 இலிருந்து கன்ட்றிப் பாட்டுகளுக்கென்று தனியான வரிசைப் பட்டியலை அது வெளியிட்டு வந்தது. 1952 அளவில் மூன்று விதமாகக் கணக்கெடுத்தார்கள். கடைகளில் எந்த இசைத்தட்டு கூடுதலாக விற்றது, ரேடியோ அறிவிப்பாளர்கள் எதைக் கூடுதலாகப் போட்டார்கள், காசு போட்டால் பாடும் ஜூக்பொக்ஸ் மெஷினில் எது கூடுதலாகத் தட்டப்பட்டது என்று பார்த்தார்கள். நமது ஊரில் ஒரு கதை எத்தனை வாயில் ஓடுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. அங்கே பாட்டுக்கு அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கின்படி, பெண் கெட்டுப்போனாள் என்ற பாட்டுத்தான் அந்த ஆண்டில் மாதக் கணக்காக முன்னணியில் நின்றது.

லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜே.டி. மில்லர் என்பவர் இதற்கு ஒரு மறுமொழிப் பாட்டு எழுதினார். தவறணைப் பெண்களை உண்டாக்கியது இறைவன் அல்ல என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பைப் பார்த்து நமது சகோதரிகள் முகம் சுளிக்கத் தேவையில்லை. இறைவன் மீது பழி போடாதே, உன்னைப் பார் என்பதுதான் அது சொல்லும் செய்தி. திருமணமான ஆண்கள் தாங்கள் தனியாட்கள் போல நடித்து எத்தனையோ நல்ல பெண்களை ஏமாற்றினார்கள், ஒவ்வொரு பெண்ணின் வீழ்ச்சிக்குப் பின்னாலும் ஒரு ஆண் இருந்திருக்கிறான், ஆனால் பழி மட்டும் எப்போதும் பெண்ணின் தலையில் என்று அந்தப் பாட்டில் பெண் சொல்லுகிறாள். கோபமாகக் கத்தவில்லை. ஜூக்பொக்ஸில் அந்த ஆணின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் தன் பழைய நினைவு வந்து பேசுவதுபோல ஆரம்பிக்கிறது.

டெக்கா என்ற இசைத்தட்டுக் கொம்பனியில் இருந்து கிட்டி வெல்ஸைக் கேட்டார்கள். அவருக்குப் பாட்டில் பெரிய ஆசை எதுவும் வரவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்குப் போனால் சங்கத்து விதிப்படி 125 டொலர் கிடைக்கும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 125 டொலர் சின்னக் காசல்ல. 1952 மே 3 இல் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். உரிமைக்குரல் கொடுக்க அவர் போகவில்லை என்பதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். செலவுக்குக் காசு தேவை என்பதற்காகத்தான் போனார். நாம் செய்த பெரிய காரியங்களிலும் பாதி இப்படித்தான் நடந்திருக்கின்றன. ஊரை எதிர்க்க வேண்டும் என்று எங்கள் உம்மா தையல் மெஷின் வாங்கவில்லை.

அந்த மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. தொம்சனுடைய பாட்டும் கிட்டி வெல்ஸின் பாட்டும் ஒரே மெட்டு. ஆனால் அது இருவருக்கும் சொந்தமானதல்ல, பழைய மெட்டு. 1929 இல் கார்ட்டர் குடும்பம் என்ற குழு அதே மெட்டில் ஒரு பிரிவுப் பாட்டை இசைத்தட்டில் பாடியிருந்தது. அதில் முதற்குரல் சாரா கார்ட்டர் என்ற பெண்ணுடையது. 1936 இல் ரோய் அகஃப் என்பவர் அதே மெட்டில் ஒரு சமயப் பாட்டைப் பாடினார். பெண் குரலில் பிரிவுத் துயராக ஓடிய மெட்டு, பக்திப் பாட்டாகி, பெண்ணைக் குற்றம் சொல்லும் பாட்டாகி, மறுபடியும் பெண் வாய்க்கு வந்து சேர்ந்தது. கவி தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நம்மிடமும் மெட்டு எல்லோருக்கும் பொது. அதில் என்ன சொல்லுகிறோம் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

பாட்டு வெளிவந்ததும் எதிர்ப்பும் வந்தது. என்.பி.சி. என்ற பெரிய வானொலி நிறுவனம் அதை ஒலிபரப்பத் தடை போட்டது. ஒழுக்கத்துக்குப் பொருந்தாத குறிப்பு இருக்கிறதாம். நாஷ்வில் நகரத்தின் புகழ்பெற்ற மேடை நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓல் ஒப்ரி'யிலும் சில காலம் அவரை அந்தப் பாட்டைப் பாட விடவில்லை. சகோதரிகளே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். மனைவி தவறணைக்குப் போனாள் என்று ஆண் பாடிய பாட்டு 15 கிழமை முதலாம் இடத்தில் நின்றது. அதில் ஒழுக்கக் குறைவு தெரியவில்லை. அவளை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்று பெண் கேட்டதும் ஒழுக்கம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தடை இருந்தும் பாட்டு நிற்கவில்லை. கோடை காலத்தில் பட்டியலில் ஏறத் தொடங்கியது. 1952 ஓகஸ்ட் 23 இல் கன்ட்றிப் பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்து 6 கிழமைகள் அங்கேயே இருந்தது. அந்தப் பட்டியல் தொடங்கி எட்டு ஆண்டுகளில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதலாம் இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. எல்லாவகைப் பாட்டுகளுக்குமான பொதுப் பட்டியலிலும் 27 ஆம் இடம் வரை போனது. முதல் வெளியீட்டில் மாத்திரம் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றன.

இந்த 8 இலட்சம் என்ற கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஊர்க்கதை எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். அது ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகப் பிடிக்கும். உன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லுகிறார்கள், உன்னிடம்தான் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைக்க வைக்கும். பக்கத்து வீட்டில் இருக்கும் ராத்தாவும் அதே கதையை விழுங்கிக்கொண்டு இருப்பது நமக்குத் தெரியாது. கடையில் போய் ஒரு இசைத்தட்டை வாங்குவது சின்னக் காரியம்தான். ஆனால் அதை யாரோ எண்ணியபோது, இத்தனை பேர் இந்த மறுமொழிக்காகக் காத்திருந்தார்களா என்று கொம்பனிக்காரர்களே திகைத்துப்போனார்கள். பெண் பாடினால் விற்காது என்ற முடிந்த முடிவு அந்தக் கோடையோடு ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டிலேயே, 1953 இல், கோல்டி ஹில் என்ற பெண்ணும் ஒரு மறுமொழிப் பாட்டோடு முதலாம் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் இன்னொரு ஆணின் பாட்டுக்கும் மறுமொழி பாடினார், அதுவும் முன்வரிசைக்குப் போனது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு விடயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, கிட்டி வெல்ஸ் எப்படிப்பட்டவராக ஊருக்குத் தெரிந்தார் என்பது. வீட்டில் உடுக்கும் கட்டம் போட்ட சாதாரண உடுப்பில், கழுத்து மூடி, கணவருடன் மேடைக்கு வருவார். அமைதியான பேச்சு. மூன்று பிள்ளைகளின் தாய். அவரைப் பார்த்து 'இவளும் அப்படிப்பட்டவள்தான்' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்த மறுமொழி எடுபட்டது என்று நினைக்கிறேன். பாட்டில் வரும் பெண், உண்மையாகவே ஏமாற்றப்பட்டுத் தவறணையில் நின்றவள், அவள் மேடையேறிப் பாடியிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? நம்மிடமும் இது உண்டு. கணவர் உயிரோடு இருக்கும் பெண் விதவைக்காகப் பேசினால் கேட்பார்கள். விதவையே பேசினால் 'வாய்க்காரி' என்பார்கள். ஆகவே பேசக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் பேசத்தான் வேண்டும். அதற்காக மற்றவளின் வாயை நாமே மூடிவிடவும் கூடாது.

மற்றது எழுத்து. பாடியது பெண், எழுதியது ஆண். பாட்டின் சொல்லுக்குரிய உரிமை எழுதியவருக்கு. இதில் குற்றம் எதுவும் இல்லை, மில்லர் நல்ல காரியமே செய்தார். ஆனாலும் எழுத்து யார் பெயரில் என்ற கேள்வியை எங்கள் பகுதிப் பெண்கள் இலேசாக விடமாட்டார்கள். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை வீடு பெண்பிள்ளைக்கு என்பது தலைமுறை தலைமுறையான வழக்கம். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றின் எழுத்து, 'குடும்பத் தலைவர்' என்று சொல்லி ஆணின் பெயரில் போனதை நாம் கண்டோம். தாய் கொடுத்த வளவு கடலோடு போக, புதிய வீடு வேறு பெயரில் வந்தது. பாட்டானாலும் வீடானாலும் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

எழுத்து பெண்ணின் கைக்கு வரவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். கென்டக்கி மாநிலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் லொறெட்டா லின். 15 வயதில் திருமணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். கிட்டி வெல்ஸைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பாடினார். குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்று கணவனுக்குச் சொல்லும் பாட்டு 1967 இல் அவரை முதன்முதலாக முதலாம் இடத்துக்குக் கொண்டுவந்தது. தங்கையோடு சேர்ந்து எழுதிய பாட்டு அது. 2022 இல் 90 ஆவது வயதில் மறைந்தார்.

கிட்டி வெல்ஸ் 1961 இல் இன்னொரு பாட்டுடன் தனியாகவே மீண்டும் முதலாம் இடத்துக்கு வந்தார். 1976 இல் கன்ட்றி இசையின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த 1952 ஆம் ஆண்டுப் பாட்டு இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளில் ஒன்று. ஒரு காலம் தடை செய்யப்பட்டதை இப்போது அரசாங்கமே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. கணவர் 2011 இலும் அவர் 2012 ஜூலை 16 இலும் காலமானார்கள். ஏறக்குறைய 74 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பெண் மறுமொழி பேசினால் குடும்பம் உடையும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதையும் குறித்து வைக்கிறேன்.

இந்தக் கதையை ஒலுவிலில் நான் போகும் தையல் வகுப்பில் சொன்னேன். சேட்டுக்கு அயன் போட்ட பெண் என்றதும் மெஷின்கள் நின்றன. தடை செய்தார்கள் என்றதும் ஒரு தங்கச்சி, "அப்ப ஆம்புளட பாட்ட ஏன் தடை செய்யல்ல?" என்று கேட்டாள். மூத்த ராத்தா ஒருவர், யுத்தத்தில் கணவரையும் சுனாமியில் வீட்டையும் இழந்தவர், ஒன்றும் பேசாமல் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே ஒரு கவி சொன்னார். இத்தா முடிந்து முதன்முதலாக வேலைக்கு இறங்கிய நாளில் சந்தியில் நின்று தன்னைப் பற்றிக் கதைத்தவர்களுக்கு அன்றே மனதுக்குள் கட்டிய கவியாம். இருபது வருடங்களுக்கு மேலாக யாருக்கும் சொல்லவில்லையாம்.

அதற்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு கவி சொன்னார், பிறகு இன்னொருவர். அன்று தையல் அவ்வளவாக நடக்கவில்லை. இந்தப் பக்கத்தில் அச்சிடலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் சம்மதித்தார்கள், ராத்தா மறுத்துவிட்டார். "அச்சில வேணாம் புள்ள, அவனுகள் இன்னும் ஊரிலதான் இரிக்கானுகள். வாயால போகட்டும்" என்றார். அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. போன கிழமை பாலமுனையில் ஒரு கலியாண வீட்டின் அடுப்படியில் அந்தக் கவியைக் கேட்டேன். சொன்ன பெண்ணுக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. கடைசி அடியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தார்.